புதுப்பித்த வீட்டுச் சுவரில் விரிசல்

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் காலையில் இடுக்கி, கோட்டயம் மாவட்டங்களின் எல்லையை ஒட்டிய பகுதியில் நில அதிர்ச்சி ஒன்று தோன்றியது. ரிக்டர் அளவில் அது 5 என மதிப்பிடப்பெற்றது. ஈராற்றுப்பேட்டை, பாலா ஆகிய ஊர்களின் சுற்றுப்புறத்தில் வீட்டுச் சுவர்கள் விரிசல் கண்டன. 26 நாட்கள் சென்றபின், 2001 ஜனவரி 7-ஆம் நாள், அதே வட்டாரத்தில் 4.8 அளவுள்ள மற்றோர் அதிர்ச்சி உண்டாயிற்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 26 நாட்களைப் பற்றிக் களப்பணியாளரும் ஆசிரியரும் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். முதல் அதிர்ச்சியில் வெடித்த சுவரை மறுவாரமே பூசி வண்ணமடித்துவிட்ட வீட்டுக்காரர் ஒருவர், இரண்டாம் அதிர்ச்சிக்குப்பின் தம் சுவரில் காணும் கோடு பழையதா, புதியதா, முன்னதன் வளர்ச்சியா என்று அறிய வழியற்றவராகிறார். சுவர் எழுதி வைத்த குறிப்பை அவர் தம் கையாலேயே அழித்துவிட்டார்.

எல்லைப்புற மக்களுக்கு நில அதிர்ச்சி முற்றிலும் புதியதன்று. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் கோயம்புத்தூரை மையமாகக்கொண்டு எழுந்த, ஏறக்குறைய 6 அளவுள்ள அதிர்ச்சி, பாலக்காட்டுக் கணவாயின் இருமருங்கிலும் வலுவாக உணரப்பட்டது. இடுக்கி மலைப்பகுதியில் நெடுங்கண்டத்தை ஒட்டி 1988 ஜூனில் 4.5 அளவுள்ள அதிர்ச்சியும், பாலக்காட்டு மாவட்ட எல்லைக்கு அருகே வடக்காஞ்சேரி, தேசமங்கலம் பகுதியில் 1994 டிசம்பர் 2-ஆம் நாள் 4.3 அளவுள்ள அதிர்ச்சியும் நேர்ந்தன. 2002-இல் திருத்தி வெளியிடப்பட்ட இந்தியத் தரநிர்ணய வரைபடம் கேரளம் முழுவதையும் மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான அபாயமுள்ள பகுதியில், சேர்த்தது. இத்தகைய நடுத்தர அதிர்ச்சிகளில் நன்கு கட்டிய வீடு இடிந்து வீழ்வது அரிது. சுவர் வெடிப்பதே பெரும்பான்மை. ஆகவே இவ்வட்டாரத்தில் வீட்டுக்காரரை எதிர்நோக்கும் கேள்வி பெரும்பாலும், 'இந்த விரிசலோடு என்ன செய்வது?' என்பதேயாகும்.

அண்மையில் புதுப்பிக்கப்பெற்ற வீட்டில் இக்கேள்வி இரட்டிப்பு வேதனை தருவது. சேமிப்பைச் செலவிட்டு, நகையை அடகு வைத்து, மகள் திருமணத்தை முன்னிட்டுச் செப்பனிட்ட வீட்டின் புதுப்பூச்சில் கோடு விழுந்தால், அதை விரைவில் மறைத்துவிடவே மனம் விரும்பும். விரிசலை உறவினர் காணலாகாது என்ற கூச்சமும் உண்டு. இதைக் குறைகூறுவதால் பயனில்லை. ஆயினும் புதுப்பித்தலே சில வேளைகளில் சுவரின் சுமையைப் பெருக்கியிருக்கும் என்பதை அவர்களுக்கு எடுத்துக் காட்டுதல் வேண்டும்.

4 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம். மங்களூர் ஓடும் அதைத் தாங்கும் சட்டங்களும் சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோகிராம் எடையுள்ளவை. அறை முழுவதற்கும் ஏறத்தாழ 1,300 கிலோகிராம். அக்கூரையை அகற்றி 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்டுத் தளம் இட்டால், சதுர மீட்டருக்கு 250 கிலோகிராம் வீதம் எடை 5,000 கிலோகிராம் ஆகிறது. நிலம் பக்கவாட்டில் அசையும்போது வீட்டின்மேல் விழும் விசை, எடைக்கு ஏற்றவாறு பெருகும். அசைவின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், ஓட்டுக்கூரை சுவர்த்தலையை 130 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். கான்கிரீட்டுத் தளம் 500 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். சுவரோ, அதே பழைய சுவர். இக்கணக்கை எட்டாம் வகுப்பு மாணவர் கரும்பலகையில் செய்துவிடலாம். 1993 செப்டம்பர் 30-ஆம் நாள் மராட்டிய மாநிலத்தின் லாத்தூர் மாவட்டத்தில் நேர்ந்த பேரழிவிலும், தடித்த கற்சுவர்மேல் கிடந்த கனத்த மண்கூரைகளே பெருந்தீங்கு விளைத்தன.

இதனால் கான்கிரீட்டுத் தளம் தீது என்பதன்று. முறையாக அமைந்த தளம் நான்கு சுவர்களையும் ஒன்றாகப் பிடித்து வைக்கும். பழைய வீட்டில் அவ்வேலையைச் சுவர்த்தலையின்மேல் நான்கு புறமும் ஓடிய மர உத்தரம் ஓரளவு செய்துவந்தது. உத்தரத்தை எடுத்தவர், அதற்கு ஈடாகச் சுவர்த்தலையில் இரும்புக்கம்பி பொதிந்த கான்கிரீட்டுப் பட்டை இட்டிருக்கவேண்டும். கூடத்தைப் பெரிதாக்க நடுச்சுவரை இடித்ததும், காற்றுக்கென மூலையை ஒட்டி அகன்ற ஜன்னல் திறந்ததும் இவ்வாறே ஆராயத்தக்கவை.

சுவரின் இயல்பையும் அறிதல் வேண்டும். இப்பகுதியில் பழைய வீடுகள் பல, வெட்டுக்கல் எனப்படும் செம்புரைக்கல்லால் ஆனவை. பாலக்காட்டுக்கு மேற்கே உள்ள அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்டுதான் பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளியான தம் பயண நூலில், அதற்கு 'லாட்டரைட்' என்ற பெயரை இட்டார். உலகெங்கும் நிலவியலார் வழங்கும் அச்சொல் இவ்வட்டாரத்துக் கல்லினின்று பிறந்தது. நிலத்திலிருந்து வெட்டும்போது மென்மையாக இருக்கும் இக்கல், காற்றுப்பட இறுகும். கல் ஓரளவு உறுதியுள்ளதாயினும், அதைப் பிணைக்கும் சாந்து களிமண்ணாகவோ பழஞ்சுண்ணாம்பாகவோ இருந்தால் விரிசல் கல்லை விட்டுச் சாந்தின் வழியே படிப்படியாக ஏறும். அச்சுவரின்மேல் கெட்டியான சிமெண்டுப் பூச்சு பூசியிருந்தால், உள்ளே சுவர் அசைய, வெளியே பூச்சு அசைய மறுத்துச் சுவரைவிட்டுப் பிரியும். விரல் முட்டியால் தட்டினால் வெற்றுப்பானைபோல் ஒலிக்கும் இடம் பூச்சு பிரிந்த இடம்.

அதிர்ச்சி நின்றவுடன் செய்யவேண்டியது விரிசலைப் பார்ப்பதன்று. வீட்டைவிட்டு வெளியேறி, மின்சார முக்கிய விசையையும் எரிவாயு உருளையின் அடைப்பையும் மூடுவதே. பின்னர் வெளியிலிருந்தே வீட்டைச் சுற்றி வரவேண்டும். சுவர் செங்குத்தை விட்டுச் சாய்ந்துள்ளதா என்பதைத் தூக்குக்குண்டு காட்டிவிடும். மூலையில் இரு சுவர்கள் பிரிந்து நின்றாலும், விரிசலின் ஊடே வெளிச்சம் தெரிந்தாலும், தூணிலோ உத்தரத்திலோ கான்கிரீட்டு உதிர்ந்து கம்பி வெளிப்பட்டாலும், அவ்வீட்டில் அன்றிரவு எவரும் படுக்கலாகாது. பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை பள்ளிக் கட்டடத்திலோ உறவினர் இல்லத்திலோ தங்குதல் வேண்டும். பள்ளிக் கட்டடத்தையும் முதலில் இவ்வாறே சோதித்துக்கொள்வது ஆசிரியரின் கடமை.

இவ்வடையாளங்கள் இல்லையெனில், விரிசலைப் படிக்கத் தொடங்கலாம். பூச்சில் சிலந்திவலைபோல் எத்திசையிலும் ஓடும் மெல்லிய கோடுகள் அதிர்ச்சியால் வந்தவை அல்ல. சிமெண்டு மிகுதியாகச் சேர்ந்து, நீராட்டல் குறைந்து, பூச்சு உலர்ந்து சுருங்கியதன் விளைவு. அதிர்ச்சிக்குமுன் எவரும் உற்றுப் பாராததால் அவை அன்றைக்குத்தான் கண்ணிற் படுகின்றன. கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் கோடும், இரு ஜன்னல்களுக்கு இடைப்பட்ட சுவரில் பெருக்கற் குறிபோல் குறுக்கும் மறுக்குமாய் விழும் கோடும் பக்கவாட்டு அசைவின் முத்திரைகள். பெருக்கற் குறி ஏன் தோன்றுகிறது? நிலம் ஒருபுறம் இழுக்கையில் ஒரு சாய்வு வெடிக்கிறது. மறுபுறம் இழுக்கையில் எதிர்ச் சாய்வு வெடிக்கிறது. சுவர்கள் சந்திக்கும் மூலையில் நெட்டுக்குத்தாக விழும் கோடு, அச்சுவர்கள் ஒன்றோடொன்று கல் பிணைந்து கட்டப்படாததைக் காட்டும்.

புதுப்பித்த வீட்டுக்கே உரிய கோடு ஒன்று உண்டு. பழைய சுவரும் புதிதாகச் சேர்த்த அறையின் சுவரும் கூடுமிடத்தில் அது மேலிருந்து கீழாக ஓடும். பழைய அடித்தளம் பல ஆண்டுகளாக அமிழ்ந்து நிலைத்துவிட்டது. புதியது இப்போதுதான் அமிழ்கிறது. அதிர்ச்சி அதை விரைவுபடுத்தியிருக்கலாம். உண்டாக்கியது என்று சொல்லல் பொருந்தாது. இக்கோட்டினால் வீட்டுக்காரருக்கும் கொத்தனாருக்கும் எழும் வழக்குகள் பல. அவற்றில் களப்பணியாளர் தீர்ப்புச் சொல்லாமல் காரணத்தை விளக்குவதோடு நிற்பது நலம்.

தளத்துக்குக் கீழே சுவர்த்தலையில் கிடையாக ஓடும் கோடு பெரும்பாலும் வெயிலின் வேலை. 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட்டுத் தளம் 20 பாகை வெப்பம் ஏறும்போது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். சுவர் அவ்வளவு நீளாது.

நிலத்தின் இயல்பால் வரும் விரிசல்களையும் பிரித்தறிய வேண்டும். கிழக்குப் பாலக்காட்டில் சித்தூர் வட்டத்தின் கரிசல் நிலத்தில் மண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும். அங்குச் சுவர்க்கோடு பருவந்தோறும் அகன்று குறுகும். இடுக்கியின் மலைச்சரிவில் நிலைமை வேறு. 2018 ஆகஸ்ட் பெருமழையின்போது அம்மாவட்டத்தில் பல சரிவுகள் சரிந்தன. சில இடங்களில் நிலமே பிளந்து வீடுகள் அமிழ்ந்தன. சுவரில் தொடங்கிய விரிசல் தரையிலும், முற்றத்திலும், வீட்டுக்கு மேற்புறத்துச் சரிவிலும் தொடர்ந்து செல்வதாயின், பழுதுற்றது சுவரன்று, நிலம். அங்குப் பூச்சு வேலை வீண். மழைக்காலத்தில் அவ்வீட்டில் குடியிருத்தலும் ஆகாது. கிராம அலுவலருக்கும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலகத்துக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும்.

எஞ்சிய விரிசல்களைக் கண்காணிக்கும் முறை எளிது. விரிசலின் இரு முனைகளிலும் சிறு குறுக்குக்கோடு இட்டு, அருகில் நாளை எழுதவேண்டும். விரிசலின் இருபுறமும் சுவரில் ஒவ்வோர் ஆணி அடித்து, அவற்றின் இடைத்தூரத்தை அளந்து குறிக்கவேண்டும். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்காக வைத்து, அதன் இரு முனைகளை மட்டும் சிமெண்டால் ஒட்டிவிட்டால், சுவர் சிறிது அசைந்தாலும் கண்ணாடி உடையும். பூச்சின்மேல் ஒட்டாமல், அதைச் சுரண்டிவிட்டுக் கல்லின்மேல் ஒட்டவேண்டும் என்பதை மறத்தலாகாது. பிரிந்த பூச்சின்மேல் ஒட்டிய கண்ணாடி சுவரைப்பற்றி ஒன்றும் சொல்லாது. மாணவர் தத்தம் வீட்டு விரிசலை வாரந்தோறும் ஒரே வேளையில் அளந்து, அவ்வாரத்து மழையையும் உடன் எழுதிவந்தால், பள்ளியிலேயே ஒரு நல்ல பதிவேடு உருவாகும். அதிர்ச்சியால் வந்த விரிசலுக்கு ஆறு வாரக் கண்காணிப்புப் பெரும்பாலும் போதும். கரிசல் நிலத்தில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழியவேண்டும்.

விரிசல்களை அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து, பழுது நீக்குமுன்பே கிராம அலுவலகத்தில் முறையிட்டுப் பதிவு செய்துகொள்ளவேண்டும். நில அதிர்ச்சி அரசின் பேரிடர் நிவாரண விதிகளுள் அடங்கியது. காப்பீடு உள்ளவர்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் காலந்தாழ்த்தாது எழுதவேண்டும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டில் நில அதிர்ச்சியும் சேர்ந்துள்ளது. திருமணம் நெருங்கிய வீட்டார்க்கு ஒரு வழி சொல்லலாம்: விரிசலின்மேல் துணித்திரையோ நாட்காட்டியோ தொங்கட்டும், பூச்சு மட்டும் வேண்டா.

விரிசல் வளராமல் நின்றபின் பழுது நீக்கும் வேலை தொடங்குகிறது. வேலையின் ஒழுங்கு, முதலில் சுவர், பின்னர் பூச்சு, கடைசியில் வண்ணம். அரை மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர்வரை அகன்ற விரிசலாயின், அதன் இருமருங்கிலும் பூச்சை அகற்றி, வாயைச் சற்று அகலவெட்டி, தூசு போகக் கழுவவேண்டும். 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு குழாய்களைப் பதித்து, இடைவெளியைச் சாந்தால் அடைத்தபின், சிமெண்டும் நீரும் சமமாகக் கலந்த குழம்பைக் கீழ்க்குழாயில் செலுத்தவேண்டும். அது அடுத்த குழாயில் வெளிப்பட்டதும் கீழ்க்குழாயை அடைத்து மேலே செல்லவேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அகப்பட்டு உள்ளே வெற்றிடம் நின்றுவிடும்.

5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விரிசலில் உடைந்த கற்களைப் பெயர்த்து, இருபுறமும் பிணையும்படி நீண்ட கற்களை வைத்துக் கட்டி, சுவரின் இருமுகத்திலும் இரும்புவலை பொருத்தி, ஒன்றுக்கு மூன்று சிமெண்டுச் சாந்து பூசுவது முறை. மூலை விரிசலில் வலை மூலையைச் சுற்றி இரு சுவர்களையும் தழுவவேண்டும். களிமண் சாந்தால் கட்டிய சுவரில் சிமெண்டுக் குழம்பு பற்றாது. வெடித்த பகுதியைப் பிரித்துத் திரும்பக் கட்டுவதே தக்கது. பழைய சுவரும் புதிய சுவரும் கூடும் கோட்டை இறுக அடைக்காமல், நேரான இடைவெளியாக வெட்டி, நெகிழும் அடைப்புப்பொருளை இட்டு, மரச்சட்டம் ஒன்றை ஒருபுறம் மட்டும் ஆணியடித்து மறைத்துவிடலாம். தளத்தின்கீழ்க் கோட்டுக்கும் இதுவே ஏற்றது.

பூச்சு இட்டபின் ஏழு நாட்களேனும் நீராட்டி, நன்கு உலரும்வரை காத்திருந்து வண்ணமடிக்கவேண்டும். முன்னர் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளுள் ஒன்றைமட்டும் அகற்றாமல், அலமாரியின் பின்னாலோ பரண் ஓரத்திலோ கண்ணில் படாத இடத்தில் விட்டுவைத்து, அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதைப் பார்த்துக் குறிப்பேட்டின் கடைசி வரியை எழுதலாம்.