பிரைமர் அடிப்பதற்கு முன்னால்: பட்டறைக்குப் புதிதாக வந்த தம்பிகளுக்கு

பெயிண்ட் உரிந்தால் எல்லோரும் பெயிண்ட் கம்பெனியைத்தான் திட்டுகிறார்கள். முப்பத்தைந்து வருஷமாக நான் பைக் ஃபிரேம் அடிக்கிறேன், அதிலும் பெரும்பாலும் பழைய புல்லட். உரிந்து திரும்பி வந்த ஃபிரேம்களைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் எண்ணெய் இருக்கும், இல்லையென்றால் துரு இருக்கும். ஃபிரேம் கருப்புதானே, அடியில் எப்படி இருந்தால் என்ன என்று யாரோ நினைத்திருப்பார்கள். அப்படி நினைக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. சேஸிஸ் நம்பர் மேல் கிரைண்டர் படவே கூடாது. பெரும்பாலான வண்டிகளில் அது ஹேண்டில் திரும்பும் கழுத்துக் குழாயில் இருக்கும். வேலை தொடங்கும் முன் அதற்கு ஒரு பென்சில் பிரிண்ட் எடுத்து வை. அந்த இடத்தை மட்டும் பெயிண்ட் ரிமூவர் போட்டு, துணியால் துடைத்து எடு. பட்டியும் அங்கே வேண்டாம், பெயிண்டும் கனமாக வேண்டாம். நம்பர் மழுங்கினால் வண்டிக்காரர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்.

2. முதலில் கழுவு, அப்புறம் தேய். புதிதாக வரும் பையன்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிரீஸ் இருக்கும்போதே உப்புத்தாளைப் போட்டால், தாள் கிழிக்கிற ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அந்தக் கிரீஸை நீயே அமுக்கி விடுகிறாய். பிறகு எத்தனை முறை துடைத்தாலும் அது முழுசாக வராது. செயின் ஓடும் பக்கம், ஸ்விங் ஆர்ம் மாட்டும் இடம், ஸ்டாண்டுக்கு மேலே உள்ள மூலை ஆகிய மூன்று இடத்திலும் அழுக்கு தார் மாதிரி இறுகிக் கிடக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி பிரஷ் போட்டு ஊற வை. மண்ணெண்ணெயும் எண்ணெய்தான் என்பதால் அதோடு நிறுத்தாதே. சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் இரண்டு தரம் தேய்த்துக் கழுவு. கடைசியாக நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பார். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. காசு செலவில்லாத சோதனை இது. நான் இன்றைக்கும் செய்கிறேன்.

3. பிளாஸ்டிங்குக்கு அனுப்பும் முன் எல்லா மரையிலும் பழைய போல்ட்டைத் திருகி வை. கோன் செட் உட்காரும் இடத்தைத் துணி வைத்து அடைத்து டேப் சுற்று. திரும்பி வந்ததும் ஃபிரேமைத் தலைகீழாகத் திருப்பி, ரப்பர் சுத்தியலால் தட்டி, காற்றடித்துக் குழாய்க்குள் இருக்கும் மண்ணை வெளியேற்று. விட்டுவிட்டால் ஸ்பிரே அடிக்கும்போது அதே மண் பறந்து வந்து ஈரப் பெயிண்டில் உட்காரும்.

4. ஆற்று மணலில் பிளாஸ்டிங் செய்யும் இடத்தில் நிற்காதே. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டால் சிலிகோசிஸ் வரும், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நம் தென்கடற்கரை மணலில் கிடைக்கும் கார்னெட் அதைவிடப் பரவாயில்லை. எதில் அடித்தாலும் நல்ல மாஸ்க் போடு, மூக்கில் கட்டிய கைக்குட்டை போதாது.

5. கையால்தான் உரிக்கிறாய் என்றால் 80-ம் நம்பர் தாளில் தொடங்கி 120, 180 என்று போ. அங்கே நிறுத்து. கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கினால் பிரைமருக்குப் பிடிப்பு இருக்காது.

6. இரும்பு வெள்ளையாகத் தெரியும்போது வெல்டிங்கைப் பார்த்துவிடு. முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு வெல்டரைக் கூப்பிடு. பெயிண்ட் அடித்த பிறகு அந்தக் கோட்டை யாரும் பார்க்க முடியாது. அந்த வண்டியில் ஒரு குடும்பம் போகும்.

7. வெறுங்கையால் தொடாதே. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், பிளாஸ்டிங் முடிந்த ஃபிரேம் ஒன்றைக் கழுத்தில் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எங்கள் பட்டறை வட சென்னையில், கடலுக்குக் கூப்பிடு தூரம். மறுநாள் காலையில் பார்த்தால் சாம்பல் நிற இரும்பின் மேல் நாலு விரலும் கட்டை விரலும் பழுப்பாகப் பதிந்திருந்தன, ரேகை கூடத் தெரிந்தது. வியர்வையில் உள்ள உப்பு ஒரு ராத்திரியில் செய்த வேலை அது. ஃபிரேம் முழுக்கவே லேசாகச் சிவந்திருந்தது. உரித்த ஃபிரேமை ராத்திரி தங்க வைக்காதே என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். காலையில் பிளாஸ்டிங் என்றால் சாயங்காலத்துக்குள் பிரைமர் ஏற வேண்டும். நேரம் இல்லையென்றால் பிளாஸ்டிங்கையே தள்ளிப் போடு.

8. தின்னர் துடைப்புக்குக் கையுறையும் இரண்டு துணியும் வேண்டும். ஒரு துணியில் தின்னரை நனைத்துத் துடை. அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் அழுக்கை எடு. ஒரே துணியில் துடைத்தால் எண்ணெய் இங்கிருந்து அங்கே போகுமே தவிர வெளியே வராது. பெட்ரோலில் துடைப்பது நம் பக்கத்துப் பழக்கம். அது காய்ந்தாலும் பிசுக்கு நிற்கும், அதனால் வேண்டாம். துணி வெள்ளைப் பனியன் துணியாக, நூல் உதிராததாக இருக்கட்டும்.

9. துருவுக்கு ஆசிட் போட்டிருந்தால் நன்றாக அலசி, உடனே காற்றடித்துக் காய வை. ஆசிட் மிச்சம் இருந்தால் எபாக்சி பிரைமர் பிடிக்காது.

10. வெறும் இரும்புக்கு நான் எபாக்சி பிரைமர்தான் சொல்வேன். டின்னில் போட்டிருக்கும் கணக்குப்படி ஹார்டனரைக் கல, கண்ணளவு உதவாது. ரெட் ஆக்ஸைடு மலிவுதான், ஆனால் அது சரியாகக் காயாமல் மேலே பியூ பெயிண்ட் அடித்தால் தோல் சுருங்குகிற மாதிரி சுருங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் விடிகாலையில் அடிக்காதே. ராத்திரி குளிர்ந்த இரும்பு வேர்த்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறி, புறங்கையை வைத்தால் ஜில்லென்று இல்லாதபோது அடி. கம்பிரஷர் டேங்கில் தேங்கிய தண்ணீரை அதற்கு முன்னாலேயே திறந்து விட்டிருக்க வேண்டும்.

11. எஞ்சின் உட்காரும் முகங்கள், எர்த் வயர் பிடிக்கும் இடம், கோன் செட் குழி இவற்றுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு அடி. மூலைகளை முதலில் அடி, நேர்க்குழாய்களைப் பிறகு. முதல் கோட் மெல்லிசாகப் போகட்டும். சொட்டை இருந்தால் பிரைமர் காய்ந்த பிறகு பட்டி போடு. பட்டி காய்ந்ததும் தேய்த்துச் சமன் செய்து, அதன் மேல் இன்னொரு கோட் பிரைமர் கொடு. அது காய்ந்ததும் 400-ம் நம்பர் தண்ணீர்த்தாள். அதுவரை ஃபிரேமைக் கம்பியில் தொங்க விடு, தரையில் வைக்காதே.