பூங்காப் பரப்பும் தெரு நிழலும்: சென்னையின் வெப்பம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பூங்காப் பரப்பைக் கூட்டினால் நகரத்தின் வெப்பம் தானே தணிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பூங்கா தன் எல்லைக்குள் குளிர்ச்சி தருவது உண்மையே. ஆனால் அக்குளிர்ச்சி பெரும்பாலும் சில நூறு மீட்டர் தொலைவுக்குள் தேய்ந்துவிடுவதால், ஏறத்தாழ 270 ஹெக்டேர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்கா தன்னை ஒட்டிய பகுதிகளுக்கு உதவினாலும், தொலைவில் வடசென்னையில் உள்ள வியாசர்பாடியின் நெருக்கமான தெருக்களுக்கு அதனால் பயனில்லை. நகரம் முழுமைக்கும் சேர்த்துச் சொல்லப்படும் பசுமை விழுக்காடு இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

புல்வெளியும் மரமும் ஒரே பயனைத் தரும் என்று கருதுவது இதைவிடப் பெரிய பிழை. தாவரங்கள் இலைகளின் வழியே நீரை ஆவியாக வெளியேற்றுவதை நீராவிப்போக்கு என்பர். அது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை ஓரளவு குறைக்கும். கடலோரச் சென்னையில் காற்று ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால், இவ்வழியில் கிடைக்கும் ஆறுதல் சிறிது. உடலைக் காப்பது முதன்மையாக நிழலே. வானிலை நிலையத்தின் வெப்பமானி, நேர் வெயில் படாதபடி, வெள்ளைப் பூச்சும் காற்று புகும் இடுக்குகளும் கொண்ட பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. ஆகவே செய்தியில் வரும் 40 டிகிரி செல்சியஸ் என்பது நிழலில் எடுத்த அளவு. உச்சிப்பொழுதில் பேருந்துக்காக வெயிலில் நிற்பவரோ, தலைக்கு மேல் சூரியனையும், 60 டிகிரியைத் தொடக்கூடிய தார்ச்சாலையிலிருந்து எழும் கதிர்வீச்சையும் சேர்த்தே தாங்குகிறார். நீரை நிறையக் குடிக்கும் புல்தரையால் அவருக்கு ஆவது சொற்பம். கிளை பரப்பிய ஒரு புங்கமரம் அவருக்கும் சாலைக்கும் சேர்த்தே நிழல் தரும்.

கன்று நட்டதோடு கடமை முடிந்தது என்பதும் நம்பிக்கையே. நடைபாதை போடும்போது அடிமரம்வரை சிமெண்ட் பூசிவிடுவது வழக்கமாகிவிட்ட நகரத்தில், வேருக்கு நீரும் காற்றும் கிடைப்பதில்லை. வேர் பரவாத மரம் பெருங்காற்றில் எளிதில் சாயும். 2016 டிசம்பரில் வார்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த பின்னரும் இவ்வழக்கம் ஒழியவில்லை.

ஏசி இருந்தால் போதும் என்ற எண்ணத்திற்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை: பகலில் உள்வாங்கிய வெப்பத்தைச் சுவர்கள் இரவில் உமிழும் அதே தெருவில், அறையின் வெப்பத்தையும் ஏசி கொண்டுபோய்க் கொட்டுகிறது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததால், வெப்பத்தால் இறந்தோரின் குடும்பத்திற்கு நிவாரணம் பெற வழி பிறந்தது. ஆனால் நிவாரணம் இறப்புக்குப் பின்னரே வரும்; முன்கூட்டியே காப்பது நிழல். தெருவிலோ, வடிகாலும் குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் பங்கிட்டுக்கொண்டதுபோக எஞ்சும் இடமே மரத்துக்குக் கிடைக்கிறது. சாலையின் வரைபடத்தில் மரக்குழி அவற்றுக்கு முன்பே குறிக்கப்பட வேண்டும்.