மின்கலம் இறங்குவது ஏன்?

எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பெற்றது. திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. துறைமுகத்தையும் இவ்வாலைகளையும் சார்ந்து வடசென்னையில் வண்டிப் பட்டறைகள் பெருகின. அங்கு அடிக்கடி கேட்கும் முறையீடு, “பேட்டரி இறங்கிப்போச்சு” என்பதாகும். காரணம் அறியாமல் புதியது பொருத்தினால் அதுவும் இறங்கும். வாடகைக் கார் ஓட்டுநரின் பல நாள் வருவாய் அதில் கரையும்.

காரின் மின்கல அடுக்கில் ஆறு கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். எந்திரத்தை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், முழுமையாக மின்னேற்றிய அடுக்கு 12.6 வோல்ட் காட்டும்; 12 வோல்ட்டை நெருங்கினால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது எனலாம். எந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை உயர வேண்டும். உயராவிடில் பழுது ஆல்டர்னேட்டரிலோ அதன் பட்டையிலோ இணைப்பிலோ இருக்கும். (பட்டறையில் ஆல்டர்னேட்டரை இன்றும் ‘டைனமோ’ என்பர்.)

மின்னேற்றம் சரியாக இருந்தும் வண்டி காலையில் கிளம்பவில்லையா? கசிவைத் தேட வேண்டும். எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, மின்னணுக் கருவிகள் உறங்கும்வரை அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்நிலையில் எந்திரத்தைக் கிளப்பலாகாது, மீட்டர் கெடும். பொதுவாக 50 மில்லிஆம்பியர் வரை இயல்பு. அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போகும். 35 ஆம்பியர்-மணி அடுக்கு மூன்றே நாளில் வற்றும். மின் உருகிகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது எதில் அளவு சட்டெனக் குறைகிறதோ, அச்சுற்றில்தான் குற்றம் உள்ளது.

கசிவும் இல்லையெனில், முழுதும் மின்னேற்றிய அடுக்கைத் தனியே கழற்றி ஓரிரவு வைத்து அளக்கலாம். அப்போதும் இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. முனைகளில் படியும் வெண்பச்சைப் பூச்சையும் காணத் தவறலாகாது. உப்புக்காற்று அவ்வரிப்பை விரைவுபடுத்தும்.

சரக்குந்துகளின் நிலை வேறு. அவற்றில் இரண்டு 12 வோல்ட் அடுக்குகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. துறைமுக வாயிலில் பல மணி நேரம் காத்திருக்கும் ஓட்டுநர், மின்விசிறிக்கும் பாட்டுக்கும் ஓர் அடுக்கிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதுண்டு. அது குறைமின்னேற்றத்தால் நலியும். மற்றது மிகைமின்னேற்றத்தால் கெடும். மொத்தமாக அளந்தால் இது புலப்படாது. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.