கணிப்பொறியின் தேதியும் திறவாத வலைப்பக்கமும்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்டுள்ள ஸோஹோ நிறுவனம், 2023-இல் ‘உலா’ என்னும் உலாவியை வெளியிட்டது. உலாவி எதுவாயினும், அங்கத்தினர்கள் வங்கிக் கணக்கையோ நூல் விலையையோ காண முற்படுங்கால், ‘இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்ற எச்சரிக்கை தோன்றுவதுண்டு.

அப்போது முதலில் நோக்க வேண்டியது கணிப்பொறி காட்டும் தேதியாகும். பாதுகாப்பான வலைத்தளம் ஒவ்வொன்றும், குறித்த காலத்துக்கே செல்லுபடியாகும் சான்றிதழ் பெற்றது. தேதி பிழைபட்டால் நல்ல சான்றிதழும் செல்லாததாகிவிடும். ஆகவே தேதியைத் திருத்துக. மேசைக் கணிப்பொறியின் மின்இணைப்பைத் துண்டிக்குந்தோறும் தேதி பின்னோக்கிச் சென்றால், உள்ளிருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கக்கூடும். பெரும்பாலும் அது சிஆர் 2032 வகையே. மின்கம்பியைக் கழற்றிய பின்னரே அதனை மாற்றுதல் வேண்டும்.

தேதி சரியாயிருந்தும் எச்சரிக்கை நீங்காவிடில், முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்குக. எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லை இடலாகாது. பக்கம் பழைய விவரத்தையே காட்டுமாயின், உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழித்துப் பார்க்கலாம்.

‘கணிப்பொறி கெட்டுவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் திடீரெனத் தோன்றும் அறிவிப்பு வஞ்சனையே, உலாவியை மூடிவிடுக. பணம் பறிபோயிருந்தால் அக்கணமே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். பிந்தினால் அது பல கணக்குகளுக்குக் கைமாறி மறைந்துவிடும்.