பீரங்கி நூல் எது?

எனக்குப் பள்ளியில் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஓய்வு பெற்றுக் கடலூரில் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

“தம்பி, கல்லூரி நாளில் ஒரு நூலைப் புரட்டினேன். போரையும் பீரங்கியையும் பற்றியது. தலைப்பில் ‘புதிய’ என்ற சொல் வரும். 45 பாகையில் சுட்டால் குண்டு மிகத் தொலைவு போகும் என்று கண்டிருந்தது. முகப்புப் படத்தில் மதில் வாசலில் ஒரு கிழவர் நிற்பார். எழுதியவர் இது பாவம் என்று தம் குறிப்புகளை எரித்துவிட்டார். என் பேரன் படைக்கலத் தொழிற்சாலையில் சேரப் போகிறான். அதற்குள் அவன் அதைப் படிக்க வேண்டும். பெயர்தான் மறந்துவிட்டது.”

படித்ததும் எனக்கு ராபின்ஸ் நினைவு வந்தார். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742இல் ‘பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள்’ எழுதினார். கனத்த ஊசலின்மேல் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு விலகுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவர் அவர். கம்பெனியாரின் கோட்டைகளைச் செப்பனிட வந்து, 1751இல் கடலூரை அடுத்த செயிண்ட் டேவிட் கோட்டையிலேயே இறந்தார். எங்கள் ஊர் மண்ணில் மாண்ட மனிதர்! வேறு யாராக இருக்க முடியும்? உறையில் விலாசமும் எழுதிவிட்டேன்.

45 பாகைதான் கையைப் பிடித்து நிறுத்தியது. காற்றின் தடை அதுவரை எண்ணியதைவிட மிகப் பெரிது என்று காட்டியதே ராபின்ஸின் பெருமை. தடை மிகுந்தால் அதிகத் தொலைவுக்குரிய கோணம் 45க்குக் கீழே இறங்கிவிடும். பௌதிக மாணவனாகிய எனக்கு இது உடனே தோன்றியிருக்க வேண்டும். ஊர்ப்பற்று கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்து கலிலியோ. 1638இல் லெய்டன் நகரில் வெளிவந்த ‘இரு புதிய விஞ்ஞானங்கள்’ நூலில் 45 பாகையும் உண்டு, எறிபொருளின் பாதை பரவளைவு என்ற நிரூபணமும் உண்டு. ஆனால் அவர் பீரங்கிக் குறிப்புகளை எரித்தவர் அல்லர்.

அவருக்கும் 101 ஆண்டுகள் முந்தியது, 1537இல் வெனிசில் அச்சான ‘புதிய விஞ்ஞானம்’. எழுதியவர் நிக்கோலோ தார்த்தாலியா. முகப்புப் படத்தில் மதில் வாசலில் நிற்கும் கிழவர் யூக்ளிதுதான்! உள்ளே பீரங்கி சுட்டுக்கொண்டிருக்கிறது. குண்டு முதலில் நேர்கோட்டிலும், பிறகு வட்ட வில்லிலும் சென்று, கடைசியில் செங்குத்தாக விழும் என்பது அவர் கொள்கை. அது பிழை, 1546இல் எழுதிய மற்றொரு நூலில், பாதையின் எப்பகுதியும் முற்றிலும் நேராக இராது என்று அவரே திருத்தினார். ஆயினும் 45 பாகை என்ற விடை அவருடையது. வெரோனாவில் பீரங்கிக்கார நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கு 1531இல் அவர் சொன்னது அது.

எரித்த செய்தி, ஊர்பினோ கோமகனுக்கு எழுதிய சமர்ப்பணத்தில் இருக்கிறது. மனிதரைக் கொல்லும் கலையை வளர்ப்பது பழிக்கத்தக்கது என்று வெட்கி, கணக்குகளைக் கிழித்து எரித்தாராம். எரித்தவருக்கு நூல் எப்படி வந்தது? பின்னர், துருக்கிச் சுல்தான் படையெடுக்க ஆயத்தமாவதைக் கண்டு, இனி மறைப்பது தகாது என்று மறுபடி எழுதினாராம்.

இந்தக் காரணம் எனக்கு எளிதில் செரிக்கவில்லை. 1512இல் பிரெஷியா நகரம் சூறையாடப்பட்டபோது, சிறுவனாயிருந்த அவர் முகத்தை வாளால் பிளந்தவர்கள் பிரெஞ்சுப் படையினர், துருக்கியர் அல்லர். ‘தார்த்தாலியா’ என்றால் திக்குவாயர். அந்தக் காயம் தந்த பெயர் அது.

எழுதிய உறையைக் கிழித்துவிட்டு, 1969இல் வெளிவந்த டிரேக், டிராப்கின் ஆகியோரின் ஆங்கிலத் தொகுப்பிலிருந்து சமர்ப்பணம் முழுவதையும் படியெடுத்து அனுப்பினேன். பத்தாம் நாள் ஆசிரியரின் பதில் வந்தது.

“இதுவேதான். எரித்தது மட்டும் நினைவிலிருந்தது, தம்பி. மறுபடி எழுதியது அடியோடு மறந்து போயிற்று. இவ்வளவு காலம் பாதியைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். பேரனிடம் முழுவதையும் கொடுத்துவிட்டேன்.”