நிலக்கரித் தூளின் வெடிப்பு

ஒரு கிலோகிராம் நல்ல நிலக்கரி முழுவதும் எரிந்தால் 6,000 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் வெளிப்படும். அதே எடையுள்ள டி.என்.டி. என்னும் வெடிமருந்து வெடிக்கும்போது வெளிப்படுவதோ ஏறத்தாழ 1,000 கிலோ கலோரிதான். இருந்தும் அடுப்பிலிட்ட கரி வெடிப்பதில்லை. வெடிப்பின் வன்மை, வெப்பம் எவ்வளவு என்பதைவிட, அது எத்துணை விரைவில் வெளிப்படுகிறது என்பதையே பெரிதும் பொறுத்தது. டி.என்.டி.யின் மூலக்கூறிலேயே பிராணவாயு அடங்கியுள்ளது. கரிக்கோ அது காற்றிலிருந்து வந்து சேரவேண்டும்; எனவே கரி மேற்பரப்பிலிருந்து மெல்ல மெல்ல எரிகிறது.

மேற்பரப்பைப் பெருக்கினால் நிலைமை மாறிவிடும். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரக் கரித்துண்டின் பரப்பு 6 சதுர செ.மீ. அதனை 0.1 மி.மீ. பக்கமுள்ள துகள்களாக்கினால் பத்து லட்சம் துகள்கள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 600 சதுர செ.மீ. ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவர்களைக் கொண்டே போடுவிக்கலாம். ஆனால் தூளைக் கொளுத்திக் காட்டும் சோதனை வகுப்பறைக்கு ஏற்றதன்று. இத்தகைய தூள் காற்றில் மேகம்போல் பரவியிருக்கையில் தீப்பற்றினால், நொடிப்பொழுதில் எரிந்து முடிகிறது. சூடேறிய வாயுக்கள் விரிய இடமின்றி அடைபட்டால், அமுக்கம் ஏழெட்டு மடங்காக உயரக்கூடும். கோதுமை மாவு, சர்க்கரை, கந்தகம் ஆகியவற்றின் தூளுக்கும் இவ்விதி பொருந்தும்.

பிரான்சு நாட்டின் கூரியேர் சுரங்கத்தில் 1906 மார்ச் 10-ஆம் நாள் நேர்ந்த வெடிப்பில் 1,099 பேர் மாண்டனர். மீதேன் வாயு மிகுதியில்லாத இடத்தில் தூள் மட்டும் பெருந்தீங்கு விளைவிக்காது என்ற எண்ணம் அன்றோடு தகர்ந்தது. நம் நாட்டில், ஆசன்சோல் அருகிலுள்ள சினாக்குரி சுரங்கத்தில் 1958-இல் 170-க்கு மேற்பட்டோரும், இன்றைய ஜார்க்கண்டிலுள்ள தோரி சுரங்கத்தில் 1965 மே 28-ஆம் நாள் 268 பேரும் வெடிப்பினால் உயிரிழந்தனர்.

சுரங்கத்தில் நிகழ்வது பெரும்பாலும் இரட்டை வெடிப்பாகும். காற்றில் மீதேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்துள்ள ஓரிடத்தில் ஒரு பொறி விழுகிறது. அச்சிறு வெடிப்பின் காற்றலை, தீச்சுடரை முந்திக்கொண்டு சுரங்கவழியே பாய்ந்து, தரையிலும் சுவரிலும் படிந்துள்ள தூளைக் கிளப்பிவிடுகிறது. பின்னால் வரும் சுடருக்கு அதுவே எரிபொருள். இவ்வாறு தன் வழியெங்கும் தானே தீனி தேடிக்கொண்டு சுடர் மைல்கணக்கில் ஓடவும் கூடும். அது எட்டாத இடங்களிலும், பின்னர்ப் பரவும் கார்பன் மானாக்சைடு பலரைக் கொல்கிறது.

தடுப்பு முறையும் இதே இயல்பை அடிப்படையாகக் கொண்டதே. சுண்ணாம்புக்கல் போன்ற எரியாத கல்லின் தூளைச் சுரங்கவழிகளில் தூவி வைக்கின்றனர். காற்றலை இரண்டையும் சேர்த்தே கிளப்பும். கல்தூள் வெப்பத்தை உறிஞ்சிச் சுடரைத் தணிக்கும். கூரைக்குக் கீழே பலகைகளில் கல்தூளைக் குவித்து வைப்பதும் உண்டு. சுடர் வந்து சேருமுன் காற்றலையே அப்பலகைகளைக் கவிழ்த்துவிடும்.

கல்தூள் ஈரமேறிக் கட்டிபட்டால் பயனில்லை. காற்றலையில் அது எழாது. வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் புதிய கரித்தூள் அதன்மீது படிந்துகொண்டேயிருக்கும். மேலே படிந்த மெல்லிய படலமே முதலில் கிளம்புமாதலால், அடியில் எவ்வளவு வெண்தூள் இருப்பினும் அதனை நம்புவதற்கில்லை. ஆகவேதான் மேற்படலத்திலிருந்து மாதிரி எடுத்து, அதில் எரியும் பொருள் எத்தனை சதவீதம் என்று காலந்தவறாது சோதித்து, மீண்டும் கல்தூள் தூவ வேண்டியிருக்கிறது.