படித்தவையும் மனத்தில் பட்டவையும்

நம் நாட்டு நூல் வெளியீடுகளில் பாராட்டுரைக்குக் குறைவே இருப்பதில்லை. மாலை, பொன்னாடை, புகழுரை எல்லாம் முடிந்த பிறகு, அந்நூலைப் படித்தவர் என்ன நினைத்தார் என்பது மட்டும் தெரியாமலே போய்விடுகிறது. ஆகவே, மாணவ நண்பர்களே, நான் படித்த சில நூல்களைப் பற்றி மனத்தில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972). ஜப்பானியர் காலத்தில் மேடானிலிருந்து தொங்கானில் பினாங்குக்கு வரும் பாண்டியனின் கதை. கடற்புயல் பகுதியை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால், என்னை உலுக்கியது புயலன்று. நண்பர்கள் போதையில் பேசும் பேச்சு. தமிழின் பழம்பெருமையை அங்கே கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். தமிழ்க் கழகத்தில் பொறுப்பு வகிக்கும் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஆயினும், அவர் கேலி செய்வது நாம் மேடைதோறும் பேசுவதைத்தான் என்பதை எப்படி மறுப்பது? இதைப் பாடமாக வைத்தால் வகுப்பில் சண்டை வரும். வரட்டுமே!

அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ (1959) எளிமையானது. பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா, நேதாஜியின் படைக்குப் போய்த் திரும்புகிறான். பட்டாளத்துக்குப் போனவனுக்குப் பெண் கொடுக்க முதலாளி மறுக்கிறார். லெபோ சூலியாவில் நடக்கும்போது என் கண் அந்தக் கடையைத் தேடுகிறது.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993) நடையில் சில இடங்களில் தொய்கிறது. இருந்தாலும் படியுங்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்காக மாண்ட நம்மவர்களைப் பாடநூலில் இரண்டு வரியில் கடந்துவிட்டோம்.

நம் தோட்டத்துக் கதைகள் பலவற்றில் ஆசிரியரே முந்திக்கொண்டு அழுதுவிடுகிறார். வாசகனுக்கு அழ ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதை எனக்கு உணர்த்தியது ஒரு மலாய் நாவல். சானோன் அகமதுவின் ‘ரஞ்சாவ் செபாஞ்சாங் ஜாலான்’ (1966), கெடா நெல்வயலில் நடக்கிறது. காலில் தைத்த ஒரு முள்ளால் லஹூமா சாகிறான். மனைவியும் ஏழு பெண்களும் வயலோடு மல்லுக்கட்டுகிறார்கள். நண்டு வருகிறது, குருவி வருகிறது. ஆசிரியர் அழவே இல்லை. நான் இரண்டு நாள் வேறெதையும் படிக்கவில்லை.

தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி கிஃப்ட் ஆஃப் ரெயின்’ (2007) போர்க்காலப் பினாங்கைக் கண்ணில் காட்டுகிறது. அழகுதான், கொஞ்சம் அதிகமான அழகு. அதன் நடுவில் தமிழர் இல்லை. அதற்காக அவரைக் குறை சொல்வானேன்? எழுத வேண்டியவர்கள் நாம்.

கடைசியாக ‘ஹிக்காயத் அப்துல்லா’ (1849). மலாக்காவில் கணக்கு வழக்குகளுக்குத் தமிழ் தேவைப்பட்டதால், சிறுவன் அப்துல்லாவைத் தந்தை தமிழ் படிக்க அனுப்புகிறார். பழைய மலாய், நீண்ட வாக்கியங்கள். தொடக்கப் பக்கங்கள் சற்றே தடுக்கும். மொழிபெயர்ப்பைத் தேடாமல் மூலத்திலேயே படியுங்கள்.